நீங்க எந்த வருஷம் ‘பாஸ் அவுட்’?

இன்னைக்கு எபிசோடில் ரெண்டே ரெண்டு வார்த்தையைத்தான் பிரிச்சுப் பார்க்கப்போறேன்: ‘பாஸ் அவுட்’.

நம்ம ஊர்ல இது தினமும் புழங்குற வார்த்தை. ‘நான் 2021 பாஸ் அவுட்’ என்றால் அந்த வருஷம் காலேஜ் முடிச்சேன்னு அர்த்தம். எச்ஆர்கூட அப்படித்தான் கேட்பாங்க. ஆனா ஒரு அமெரிக்கர்கிட்ட போய் ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2021’ என்று சொல்லிப்பாருங்க. அவருக்குப் புரியறது, ‘2021-ல் நான் மயங்கி விழுந்தேன்’ என்பதுதான்!

அப்போ நாம சொல்றது தப்பான இங்கிலீஷா? இல்லவே இல்லை. பிரிட்டிஷ் இங்கிலீஷில் ராணுவப் பயிற்சியை முடிச்சு வெளியே வர்றதுக்குப் பேரு ‘பாஸ் அவுட்’தான். சென்னை பரங்கிமலையில் இருக்கிற ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில், பயிற்சி முடியும்போது நடக்கிற அணிவகுப்பை இன்னைக்கும் ‘பாஸிங் அவுட் பரேட்’னுதான் சொல்றாங்க. நாம அதே அர்த்தத்தில் காலேஜுக்கும் சொல்றோம், அவ்வளவுதான். இந்தியாவுக்குள்ள இது எல்லாருக்கும் புரியும். வெளிநாட்டு இன்டர்வியூ என்றால் மட்டும் ‘ஐ கிராஜுவேட்டட் இன் 2021’ என்று சொல்லிடுங்க.

மூணாவதா ஒரு அர்த்தமும் இருக்கு. டீச்சர் ஒரு கட்டுப் பேப்பரைக் கையில கொடுத்து ‘பாஸ் தீஸ் அவுட்’ என்றால், எல்லாருக்கும் விநியோகம் பண்ணுன்னு அர்த்தம்.

மூணும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கு இல்லையா? ‘அவுட்’டை மட்டும் கவனிங்க. பயிற்சி முடிச்சவர் வாசலைத் தாண்டி வெளியே போறார். பேப்பர் ஒருத்தர் கையிலிருந்து வெளியே போகுது. மயங்கினவருக்கு விளக்கு அணையற மாதிரி நினைவு போகுது. தமிழ்லயும் பாருங்க, ‘கரண்ட் போச்சு’, ‘நினைவு போச்சு’ ரெண்டுக்கும் ஒரே ‘போ’தானே?

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். பைக்கில் இருந்து விழுந்து தலையில் அடி. வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கிறார்: ‘டிட் யூ பாஸ் அவுட்?’ இங்கே சிக்கலே நம்ம தமிழ் வார்த்தையால வரலாம். ‘மயக்கமா இருந்துச்சு’ன்னு நாம சொன்னா, அது தலைசுத்தலாவும் இருக்கலாம், நினைவே தப்பினதாவும் இருக்கலாம். இங்கிலீஷில் ரெண்டும் வேற வேற. தலை சுத்துச்சு, கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு, ஆனா நினைவு இருந்துச்சு என்றால் ‘ஐ ஃபெல்ட் டிஸி’. சில விநாடி ஆனாலும் நினைவு தப்பியிருந்தா ‘ஐ பாஸ்டு அவுட்’.

இதை மாத்திச் சொல்லிடக்கூடாது. ஸ்கேன் எடுக்கணுமா, எவ்வளவு நேரம் கண்காணிப்பில் வைக்கணும் என்றெல்லாம் டாக்டர் முடிவு பண்றதில் இந்தப் பதிலுக்கும் பங்கு இருக்கு. இன்னொண்ணு, நினைவு தப்பினது நமக்கே தெரியாமப் போகலாம். அதனால பக்கத்துல இருந்தவங்களையும் கேட்டுட்டுச் சொல்லுங்க. உறுதியாத் தெரியலைன்னா ‘ஐ ஆம் நாட் ஷூர்’ என்று சொல்றதும் சரியான பதில்தான்.

இந்த மாதிரி ஃப்ரேஸல் வெர்ப்களை மொத்தமா மனப்பாடம் பண்ண வேண்டாம். யார் கேட்கிறாங்க, எங்கே வெச்சுக் கேட்கிறாங்கன்னு பாருங்க. பாதி அர்த்தம் அதிலேயே கிடைச்சுடும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்!