பற்றுச்சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

கண்டி மாநகர எல்லைக்குள் வீடோ கடையோ உள்ளவர்களின் ஆதனவரி, வியாபார உரிமம், கட்டட அனுமதி எல்லாம் மாநகர சபையின் பதிவுகளில் இருக்கின்றன. குடிநீரையும் சபையே வழங்குவதால் தண்ணீர்க் கணக்கும் அங்கேதான். 1865இல் நிறுவப்பட்ட சபைக்கு ஏடுகளும் பழைய கணினிகளும் சுமைதான், புதிய கணினி முறைக்கு மாறத்தான் வேண்டும். ஆனால் பதிவுகள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் வேளையில்தான் பெயர் பிழையாகும், இல்லாத நிலுவை முளைக்கும், கட்டிய பணம் கணக்கில் ஏறாமல் போகும்.

2023 தந்த பாடம்

பழையதை மாற்றாமல் விட்டாலும் ஆபத்துத்தான். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினிச் சேவை இணையத் தாக்குதலுக்கு உள்ளானது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளின் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகள் மீளவில்லை. மென்பொருள் காலாவதியானது, அந்த மாதங்களுக்குக் காப்புப்பிரதியும் இல்லை. அமைச்சரவை அலுவலகமே தப்பாதபோது உள்ளூராட்சி சபைகள் அலட்சியமாக இருக்க முடியாது.

உங்களுக்கு என்ன நட்டம்?

நிலுவை வரிக்காக உடைமைகளைக் கைப்பற்றி விற்கும் அதிகாரம் மாநகர சபைக்குச் சட்டப்படி உண்டு. ஜனவரி 31க்குள் ஆண்டு வரி முழுவதையும் கட்டினால் 10 வீதக் கழிவு கிடைக்கும். கட்டியதற்கு ஆதாரம் இல்லாவிட்டால் கழிவையும் இழப்பீர்கள், பணத்தையும் இரண்டாம் தடவை கட்ட நேரும்.

உங்கள் உரிமைகள்

தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. புதிய மென்பொருள் சிங்களத்தில் மட்டும் பற்றுச்சீட்டு அச்சிட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவில் முறையிடலாம்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து பின்போடப்பட்டன. ஏற்கெனவே நடைமுறையில் இருந்து கைகொடுப்பது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம்.

எப்படிக் கேட்பது?

சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பியுங்கள். அப்படி ஒருவர் நியமிக்கப்படாவிட்டால் சபையின் தலைவரோ பிரதம நிறைவேற்று அதிகாரியோ அந்தப் பொறுப்பாளர். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. காரணம் சொல்லவும் தேவையில்லை. எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்கலாம். கொடுப்பதா மறுப்பதா என்ற முடிவு 14 வேலை நாட்களுக்குள் வர வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு. அதிலும் திருப்தி இல்லையேல் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

கேட்க வேண்டியவை: என் ஆதனத்தின் வரிக்கணக்கு நகல், காப்புப்பிரதி எடுக்கும் முறை, மென்பொருள் ஒப்பந்தத்தின் விலை, தரவு யார் வசம் என்பது.

இன்றே செய்யுங்கள்

கடந்த சில ஆண்டுகளின் பற்றுச்சீட்டுகளைத் தேடியெடுத்துப் படம் பிடித்து வையுங்கள். இணையத்தில் கட்டினால் உறுதிப்படுத்தல் குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். “வரி நிலுவை, இங்கே அழுத்துங்கள்” என்று வரும் செய்திகளை நம்பாமல், சந்தேகமானால் 101 இலக்கத்தில் இலங்கை கணினி அவசர உதவிப் பிரிவை அழையுங்கள். புதிய கணினி முறை வந்த பின் வரும் முதல் வரிச்சீட்டைப் பழையதோடு ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள்; எழுதிக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.