பல் தூய்மையும் மாணவர் ஆராய்ச்சியும்

பல் துலக்குதல் நாம் நாள்தோறும் செய்யும் செயல். துலக்காவிடில் ஈறு கெடும் என்பது பாட்டிமாரும் அறிந்த செய்தி. ஆனால் அறிந்திருப்பது வேறு. மெய்ப்பித்துக் காட்டுவது வேறு. இதை மெய்ப்பித்த ஆராய்ச்சியொன்றில் மாணவர்களுக்கும் பெரும்பங்கு உண்டு.

டென்மார்க் நாட்டின் ஆர்ஹுஸ் நகரப் பல் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஹரால்ட் லோவும் அவருடைய துணைவர்களும் 1965இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஈறுகள் நலமாயிருந்த 12 பேர் பல் துலக்குவதை அறவே நிறுத்தினர். அவர்களுள் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர். பற்களின்மேல் மென்படலம் படிந்தது. 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியபின் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலையை எய்தின.

இச்சோதனையின் நுட்பத்தைக் கவனியுங்கள். துலக்குகிறவர் ஒருவரையும் துலக்காதவர் ஒருவரையும் ஒப்பிட்டால் வயது, உணவு, உடல்நிலை எனப் பல வேறுபாடுகள் குறுக்கிடும். இங்கோ வாய் ஒன்றே. அழுக்கு சேர்ந்தபோது நோய் வந்தது. அழுக்கு நீங்கியபோது நோய் நீங்கியது. செய்முறை தெளிவாக எழுதப்பட்டிருந்தமையால் வேறு ஆய்வாளரும் அதனைத் திரும்பச் செய்து பார்க்க முடிந்தது.

இனி, ஆய்வுக்கு உடன்படுவோராக மட்டுமன்றி ஆய்வாளராகவும் மாணவர் விளங்க முடியுமா? தாராளமாக முடியும். இருவகைத் துலக்கு முறைகளுள் எது படலத்தை நன்கு நீக்குகிறது என்று ஒரு மாணவி அறிய விரும்புகிறாள் எனக் கொள்வோம். படலத்தை 0 முதல் 3 வரை மதிப்பிடும் முறையைச் சில்னெஸ், லோ இருவரும் 1964இல் வகுத்துள்ளனர். 0 என்றால் படலமே இல்லை. 1 என்றால் கண்ணுக்குப் புலப்படாது, கருவியால் சுரண்டினால் தெரியும். 2 கண்ணுக்குத் தெரிவது. 3 மிகுதியாகப் படிந்திருப்பது. மதிப்பிடுகிறவர் யார் எம்முறையில் துலக்கினார் என்பதை அறியலாகாது. அறிந்தால் மனம் தன் விருப்பத்தின் பக்கம் சாயும். பள்ளிக் கண்காட்சிகளில் ஆசிரியரை மகிழ்விக்க எண்களைத் திருத்தி எழுதிய பிள்ளைகளை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். எதிர்பார்த்த விடைக்கே பரிசு என்று நாம் பழக்கிவிட்டோம்.

ஆகவே, இரு முறைகளுக்கும் வேறுபாடு இல்லை என்று நேர்மையாக முடிக்கும் கட்டுரையும் பரிசுக்கு உரியதே என்பது என் துணிபு.

பல் தூய்மைக் கல்விக்கு வயது மிகுதி இல்லை. அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்பிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர் 1913இல் அதற்கென முதற் பள்ளியைத் தொடங்கினார். பயின்ற பெண்கள் அந்நகரப் பள்ளிகளுக்குச் சென்று குழந்தைகளின் பற்களைத் தூய்மை செய்தனர். 1923இல் அவர்தம் தொழிற்சங்கம் தோன்றியது. 1927இல் அதன் இதழ் வெளிவந்தது. 1958இல் சிக்மா ஃபை ஆல்ஃபா என்னும் கழகம் எழுந்தது. மாணவரின் கட்டுரைகளுக்கு அது பரிசும் வழங்கியுள்ளது. மறுஆண்டு அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டி, மாணவர் தம் ஆய்வுகளை எடுத்துக்காட்டும் திட்டமும் பிறந்தது.

பாராட்டில் பெயர் பற்றிய கேள்வியும் உண்டு. சோதனைக்குத் தம்மை ஒப்படைத்தவரின் பெயரை மறைப்பதே முறை; உடல்நலச் செய்தி அவரவர்க்கு உரியது. அளந்து, எண்ணி, எழுதிய மாணவரின் பெயரையோ மறைத்தல் தகாது. ஆசிரியரின் பெயருக்குக் கீழே மாணவர் உழைப்பு காணாமற் போவதை எந்நாட்டிலும் மன்னிக்க இயலாது. மேலும், தம் பேராசிரியரே கேட்கும்போது ஆய்வுக்கு உடன்பட மறுக்க மாணவருக்குத் துணிவு வருமா? இன்று அறநெறிக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று விதித்திருப்பதற்கு இத்தகைய ஐயமும் ஒரு காரணம்.

நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மருத்துவ மாணவரும் பல் மருத்துவ மாணவரும் இரண்டு திங்கள் ஆய்வு செய்வதற்கான திட்டத்தை 1979இல் தொடங்கியது. மாணவரே அறிக்கை எழுதி அளித்தல் வேண்டும்; அது ஏற்கப்பட்ட பின்னரே உதவித்தொகை வழங்குவது அத்திட்டத்தின் வழக்கம்.