ஓசையில்லா வெளியில் ஓசை: பரிசு பெற்ற ஒரு படத்தின் கதை

விண்வெளியில் காற்று இல்லை. ஊடகம் இல்லாத இடத்தில் ஒலி பரவாது. இது பள்ளி மாணவர் அனைவரும் படித்த பாடம்தான். ஆனால், 1977ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் அமெரிக்காவில் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் விண்கலங்கள் உறுமிக்கொண்டே பறக்கின்றன. வெடிச்சத்தம் காதைப் பிளக்கிறது. இப்படிப்பட்ட படத்திற்கு ஒலிக்காகவே ஆஸ்கார் பரிசு கொடுத்தார்கள். இது முறைதானா? பார்ப்போம்.

கிடைத்ததும் கிடைக்காததும்

1978 ஏப்ரல் 3ஆம் நாள் 50ஆவது ஆஸ்கார் விழா நடந்தது. ஜார்ஜ் லூகாஸ் எழுதி இயக்கிய இப்படம் 10 பிரிவுகளில் போட்டியிட்டது. சிறந்த படம், இயக்கம், திரைக்கதை ஆகிய மூன்று பரிசுகளையும் 'ஆனி ஹால்' என்ற படம் தட்டிச் சென்றது. கலை இயக்கம், உடை, படத்தொகுப்பு, இசை, ஒலி, காட்சித் தந்திரங்கள் ஆகிய 6 பரிசுகள் ஸ்டார் வார்ஸுக்குக் கிடைத்தன. விநோத உயிர்களுக்கும் எந்திர மனிதர்களுக்கும் குரல் படைத்த பென் பர்ட்டுக்குத் தனிச் சிறப்புப் பரிசும் கிடைத்தது.

விமர்சகர்களும் ஒரே குரலில் பேசவில்லை. ரோஜர் ஈபர்ட் மனமாரப் பாராட்டினார். பாலின் கேல் என்ற புகழ்பெற்ற விமர்சகரோ, மனத்தைத் தொடும் உணர்ச்சி இதில் இல்லை என்று குறை கூறினார்.

நகர்ந்தது எது?

படத்தில் விண்கலங்கள் பாய்ந்து செல்கின்றன அல்லவா? உண்மையில் அந்தச் சிறு மாதிரிகள் பெரும்பாலும் நீலத்திரையின் முன் அசையாமல் நின்றன, நகர்ந்தது காமிராதான்! ஓடும் ரயிலிலிருந்து பார்க்கும்போது மரங்கள் ஓடுவதுபோல் தோன்றுவதும் இதே சார்பியக்கத்தால்தான்.

ஒரே காட்சியில் பல கலங்கள் வரவேண்டுமானால், ஒவ்வொன்றையும் தனித்தனியே படமெடுத்துப் பிறகு இணைக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் காமிரா அணுவளவும் பிசகாமல் அதே பாதையில் செல்லவேண்டும். மனிதக் கையால் ஆகிற வேலையா இது? ஜான் டைக்ஸ்ட்ரா குழுவினர் தண்டவாளத்தில் ஓடும் காமிராவை மோட்டார்களால் இயக்கினார்கள். அதன் அசைவுகளை மின்னணுக் கருவி நினைவில் வைத்துக்கொண்டு, வேண்டியபோதெல்லாம் அப்படியே திரும்பச் செய்தது. இந்த அமைப்பை உருவாக்கிய டைக்ஸ்ட்ரா, ஆல்வா மில்லர், ஜெர்ரி ஜெஃப்ரஸ் ஆகியோருக்கு ஆஸ்காரின் அறிவியல், பொறியியல் பரிசும் வழங்கப்பட்டது.

கம்பியில் பிறந்த ஓசை

பென் பர்ட் ஓசைகளைத் தேடி அலைந்தார். வானொலிக் கோபுரத்தை இழுத்துக் கட்டியிருந்த கம்பியைச் சுத்தியலால் தட்டினார். அதுவே படத்தில் துப்பாக்கி ஓசையானது. பகைவரின் போர்க்கலம் வீறிடும் ஓசை, யானையின் பிளிறலும் ஈரச் சாலையில் கார் ஓடும் ஓசையும் கலந்தது. ஒளிவாளின் ரீங்காரம், சினிமா புரொஜெக்டர் மோட்டாரிலிருந்தும் தொலைக்காட்சிப் பெட்டியின் இரைச்சலிலிருந்தும் வந்தது.

ஆகவே, திரையில் காட்டிய விண்வெளியில் பிழை உண்டு என்பது உண்மை. பரிசு அந்தப் பிழைக்கு அல்ல. படத்தை உருவாக்கிய கூடத்தில் ஒளியியல், இயக்கவியல், மின்னணுவியல், ஒலியியல் ஆகியவற்றைத் திறம்படக் கையாண்டதற்கு. 1989இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட 25 படங்களில் இதுவும் ஒன்று.

செய்து பாருங்கள்

நீண்ட சுருள்வில் ஒன்றின் முனையில் காகிதக் குவளையைப் பொருத்துங்கள். சுருள்வில்லைத் தொங்கவிட்டு, அதைப் பென்சிலால் தட்டிக் குவளையில் காதை வையுங்கள். 'பியூ' என்ற துப்பாக்கி ஓசை கேட்கும். கம்பியில் உயர் அதிர்வெண் அலைகள் முந்திக்கொண்டு வருகின்றன. தாழ் அதிர்வெண் அலைகள் பிந்தி வருகின்றன. அதனால்தான் ஓசை கீச்சென்று தொடங்கிக் கனத்து முடிகிறது. ஆஸ்கார் பரிசு பெற்ற ஓர் ஓசை உங்கள் கையிலேயே இருக்கிறது!