வைரத்தை மிதித்தபடி ஒரு நடை! தெரியுமா?

ஊர் முழுக்க வைரம் இறைந்து கிடக்கிறது என்றால் நம்புவீர்களா? வீட்டுச் சுவரில் வைரம், தேவாலயத் தூணில் வைரம், 90 மீட்டர் கோபுரத்தின் கல்லிலும் வைரம்! ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் இருக்கிறது அந்த ஊர். பெயர் நோர்ட்லிங்கன். வாருங்கள், அவசரமே இல்லாமல் ஒரு சுற்று நடந்துவிட்டு வரலாம்!

முதலில் மதில்மேல் ஏறுவோம். 1327-இல் மன்னர் லுட்விக் ஆணையிட்டுக் கட்டத் தொடங்கிய மதில் இது. நீளம் சுமார் 2.7 கிலோமீட்டர். ஜெர்மனியில் பழைய ஊர்களுக்கா பஞ்சம்? மதில்களும் நிறைய உண்டு. ஆனால் மேலே கூரை வேய்ந்த நடைபாதையில் ஊரை முழுசாக ஒரு வட்டம் சுற்றி வர முடிகிற மதில், அந்த நாட்டிலேயே இது ஒன்றுதான்! மழை கொட்டினாலும் நனையாமல் நடக்கலாம். வாசல்கள் ஐந்து. ஐந்தும் நின்றுகொண்டிருக்கின்றன, கார்கள் இன்றும் அவற்றுக்குள் நுழைந்து போகின்றன!

மேலிருந்து பார்த்தால் ஊர் தோசைக்கல் மாதிரி வட்டமாகத் தெரியும். அந்த வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் இருப்பது தெரியுமா? 1215-இல் எழுப்பிய முதல் மதில் அது. சுவர் எப்போதோ போய்விட்டது. அது வளைந்து போன வழியிலேயே தெருக்கள் இன்றும் வளைந்து போகின்றன!

சரி, வைரம் எங்கிருந்து வந்தது?

வானத்திலிருந்து விழுந்த ஒரு கல்லால்! சுமார் 1 கோடியே 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன், ஒரு கிலோமீட்டருக்கும் மேல் அகலமான விண்கல் ஒன்று இங்கே வந்து மோதியது. விழுந்த இடத்தில் ஏற்பட்ட பள்ளத்தின் அகலம் எவ்வளவு தெரியுமா? கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர்! மதில்தான் பள்ளத்தின் விளிம்பு என்று நினைத்துவிடாதீர்கள். விளிம்பு ஊரைத் தாண்டி எங்கோ இருக்கிறது. நோர்ட்லிங்கன் மட்டுமல்ல, சுற்றியுள்ள ஏராளமான கிராமங்களும் வயல்களும் பள்ளத்துக்குள்தான் இருக்கின்றன!

மோதிய வேகத்தில் பூமியின் பாறை உருகித் தெறித்தது. அப்படித் தெறித்த துளிகள் பச்சைக் கண்ணாடிக் கற்களாக எங்கே போய் விழுந்தன தெரியுமா? இன்றைய செக் நாட்டில்! முந்நூறு, நானூறு கிலோமீட்டர் பறந்திருக்கின்றன! மோல்டவைட் என்ற பெயரில் அவற்றை நகைகளில் பதித்து விற்கிறார்கள்.

இங்கேயே நின்றுவிட்ட பாறைக்கு சுவேவைட் என்று பெயர். பாறையில் ஏற்கெனவே இருந்த கிராஃபைட், மோதலின் அழுத்தத்தில் கண்ணிமைக்கும் நேரத்தில் வைரமாகிவிட்டது! ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குகூடத் தேறாது. மோதிரத்துக்கு ஆகாது. ஆனால் மொத்த எடை? இந்த வட்டாரம் முழுவதிலும் சுமார் 72,000 டன் வைரம் இருக்கலாம் என்பது மதிப்பீடு!

இப்போது ஊர் நடுவே இருக்கும் புனித ஜார்ஜ் தேவாலயத்துக்கு வாருங்கள். சுவரோரம் கிட்டே போய்ப் பாருங்கள். சாம்பல் நிறக் கல், தொட்டால் சொரசொரப்பு, நடுநடுவே கறுத்த கண்ணாடித் திட்டுகள். அதுதான் சுவேவைட்! 1427 முதல் 1505 வரை, முக்கால் நூற்றாண்டுக்கும் மேல், இந்தக் கல்லை வெட்டி வெட்டி அடுக்கியிருக்கிறார்கள். இந்த ஒரு கட்டடத்தில் மட்டும் 5,000 காரட் வைரம் இருக்கலாமாம். அதாவது ஒரு கிலோ!

கட்டிய கொத்தனாருக்கு அது தெரியுமா? தெரியாது! அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் தெரியாது. இந்தப் பள்ளம் ஒரு பழைய எரிமலை என்றே வெகுகாலம் நம்பியிருந்தார்கள். 1960-இல் அமெரிக்காவிலிருந்து வந்தார் நிலவியலாளர் யூஜின் ஷூமேக்கர். இங்கிருந்து எடுத்த கல்லில் கோயசைட் என்ற கனிமம் இருந்தது. எந்த எரிமலை வெடிப்பாலும் தர முடியாத அழுத்தம் இருந்தால்தான் அது இப்படி உருவாகும். எரிமலைக் கதை அதோடு முடிந்தது!

நிலவுக்குப் போகிறவர்கள் இங்கே பாடம் படித்தார்கள், தெரியுமா? 1970 ஆகஸ்டில் ஆலன் ஷெப்பர்ட், எட்கர் மிட்செல், யூஜின் செர்னன், ஜோ எங்கிள் நால்வரும் இந்தப் பள்ளத்தின் கல் குவாரிகளில் பாறை பார்க்கப் பழகினார்கள். ஆறே மாதத்தில் ஷெப்பர்டும் மிட்செலும் நிலவில் நடந்தார்கள்! நிலவின் மண்ணை விட்டுக் கடைசியாகக் கிளம்பிய மனிதர் செர்னன். 1503-இல் கட்டிய ஒரு பழைய களஞ்சியத்தில் இப்போது பள்ளத்துக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளே அப்போலோ 16 கொண்டுவந்த அசல் நிலவுக் கல்!

தேவாலயக் கோபுரத்துக்கு ஊரார் வைத்த செல்லப் பெயர் டானியேல். 350 படி ஏறினால், 99 ஊர்கள் கண்ணுக்குத் தெரியும் என்பது உள்ளூர்ப் பேச்சு. அதைவிட ஆச்சரியம், கோபுரத்தில் இன்றும் காவலர் இருக்கிறார்! இரவு 10 மணியிலிருந்து 12 மணிவரை அரை மணிக்கு ஒரு தடவை அவர் மேலிருந்து குரல் கொடுக்கிறார்: "ஸோ, க்ஸெல், ஸோ!"

எதற்காகத் தெரியுமா? ஒரு பன்றிக்காக! 1440-ஆம் ஆண்டுக் கதை இது. பகை கொண்ட ஒரு பிரபு வாசல் காவலர்களுக்கு லஞ்சம் கொடுத்து, ராத்திரி கதவைத் தாழிடாமல் விடச் சொன்னாராம். அந்தப் பக்கம் வந்த ஒரு பெண் பார்க்கிறாள், ஒரு பன்றி கதவில் முதுகைத் தேய்க்கிறது, கதவு அசைகிறது! "ஓகோ, அப்படியா சேதி!" என்று அவள் போட்ட கூச்சலில் ஊரே விழித்துக்கொண்டதாம். அந்தக் கூச்சல்தான் இன்றும் கேட்கிறது என்கிறார்கள்!

வைன்மார்க்ட் சதுக்கத்துக்கு வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். அங்குள்ள நீரூற்று மரியா ஹோல் என்ற பெண்ணின் நினைவுக்கு. விடுதி நடத்தியவர். 1593-இல் சூனியக்காரி என்று பிடித்தார்கள். அந்த ஆண்டுகளில் இந்த ஊரில் சூனியப் பழி சுமத்திக் கொன்றவர்கள் 35 பேர். அதில் 34 பேர் பெண்கள். மரியாவை எத்தனை முறை சித்திரவதை செய்தார்கள் தெரியுமா? 62 முறை! ஒருமுறைகூட ஒப்புக்கொள்ளவில்லை! 1594-இல் விட்டுவிட வேண்டியதாயிற்று. அதன்பின் 40 ஆண்டுகள் வாழ்ந்தார்! வைரத்தைத் தேடி வருகிறவர்கள் இவர் முன்னால் ஒரு நிமிடம் நிற்கத்தான் வேண்டும்.

மேலும் இரண்டு! 1971-இல் வந்த 'வில்லி வோங்கா அண்ட் தி சாக்லேட் ஃபேக்டரி' படத்தின் முடிவில் கண்ணாடி லிஃப்ட் வானில் பறக்குமே, அப்போது கீழே தெரியும் செங்கூரை ஊர் இதுதான்! மேற்கு ஜெர்மனிக்காக 62 ஆட்டங்களில் 68 கோல் அடித்த கால்பந்து வீரர் கெர்ட் முல்லர் பிறந்ததும் இங்கேதான்!

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மதில் நடைக்கு டிக்கெட் கிடையாது!