அணையும் கணையும்

ஆங்கிலச் செய்திகளில் அடிக்கடி வரும் ஒரு சொல் 'பராஜ்'. ஓய்வில்லாமல் செல் அடித்தால் பராஜ். ஒருவரை மூச்சுவிட விடாமல் கேள்வி கேட்டாலும் பராஜ்தான். ஆனால் பிறப்பில் இச்சொல்லுக்கும் யுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. பிரெஞ்சு மொழியில் அதன் பொருள் அணை, தடுப்பு. வடமராட்சியில் கடல்நீர் உள்ளே ஏறாமல் மறித்து, மாரி வெள்ளத்தைத் திறந்துவிடும் தொண்டைமானாற்றுக் கதவணையும் பொறியியலாளர் மொழியில் பராஜ்தான்.

அணை எப்படித் தாக்குதலாயிற்று? முதலாம் உலக யுத்தத்தில் (1914–1918) எதிரி முன்னேறாதபடி ஒரே வரிசையில் தொடர்ந்து செல்களை விழுத்தி, அதையே சுவராக்கினார்கள். பின்பு அந்தச் சுவரை மெல்ல மெல்ல முன்னே நகர்த்தி, அதன் பின்னால் படைகளை நடக்கவிட்டார்கள். மறிப்பதற்கான சொல் அழிப்பதற்கானதாயிற்று. இரண்டாம் உலக யுத்தத்தில், தாழப் பறக்கும் விமானங்களை மறிக்க உருக்குக் கம்பிகளில் கட்டி லண்டன் வானில் பறக்கவிட்ட இராட்சதப் பலூன்களுக்கும் இதே பெயர். 1941 முதல் அந்தப் பாரமான வேலையைப் பெண்களும் செய்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை.

கேள்விகளுக்கு வருவோம். தமிழிலும் 'கேள்விக்கணை' என்கிறோம். காணாமற்போனவர்களைத் தேடும் தாய்மாரும் மனைவியரும் 2010 இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013 இல் நியமிக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழு, 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான காணாமற்போனோர் அலுவலகம் என்று ஒவ்வொன்றின் முன்னும் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. எப்போது? எங்கே? என்ன உடுப்பு? யார் கண்டது? ஒரு பதில் முடியுமுன் அடுத்த கேள்வி வந்தால் யாருக்கும் நாக்குத் தடுமாறும். திகதி மாறிப்போனால் உடனே சந்தேகப் பார்வை. பேரதிர்ச்சியைக் கண்ட மனம் சம்பவங்களைக் கலண்டர் போல அடுக்கி வைத்திருப்பதில்லை. அது பொய்யல்ல, உளவியல் அறிந்த உண்மை. விசாரிப்பவர்களுக்கு முதலில் இதைப் படிப்பிக்க வேண்டும் என்பேன்.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்தது சொல்லின் பழைய பொருள். நாமும் ஓர் அணை போடலாம், சகோதரிகளே. ஞாபகம் உள்ள விபரங்களை வீட்டிலிருந்தே ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். தனியே போகாமல் துணைக்கு ஒருவரை அழையுங்கள். "ஐயா, ஒவ்வொன்றாகக் கேளுங்கோ" என்று சொல்வது மரியாதைக் குறைவல்ல. ஞாபகமில்லாததை ஞாபகமில்லை என்றே சொல்லுங்கள். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லி, அதன் பிறகு கையொப்பம் வையுங்கள். ஒரு பிரதியும் கேளுங்கள்.