சுவரேறும் திரவம்

கொதித்துக்கொண்டிருக்கும் திரவ ஹீலியத்தை மேலும் குளிர்வித்தால், சுமார் 2.17 கெல்வினில் குமிழிகள் சட்டென்று அடங்கிவிடும். அதன்பின் அது உராய்வின்றி ஓடும் மிகைப்பாய்மம். திறந்த குவளையில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத மென்படலமாகச் சுவரேறி, விளிம்பைத் தாண்டி, வெளியே அடியில் சொட்டுச்சொட்டாக வடியும்.

உராய்வு எங்கே போயிற்று? 1941-ல் சோவியத் இயற்பியலாளர் லெவ் லண்டாவ் விடை சொன்னார். தனித்தனி அணுக்களை விடுங்கள், கூட்டசைவைப் பாருங்கள் என்பது அதன் சாரம். எண்ணற்ற அணுக்கள் சேர்ந்து அசையும்போது, அந்த அசைவே ஒரு துகள்போல ஆற்றலும் உந்தமும் சுமக்கிறது. அதுதான் போலித்துகள். ஒலியலையின் சிறு பொட்டலம் ஃபோனான். உந்தம் மிகுந்தது ரோட்டான். (சுழற்சி என்று எண்ணி வைத்த பெயர், எண்ணம் மாறியும் பெயர் ஒட்டிக்கொண்டது.)

ஓடும் திரவம் வேகமிழக்க, தன் ஆற்றலில் கொஞ்சத்தைப் புதிய போலித்துகளாக மாற்றியாக வேண்டும். ரோட்டானின் குறைந்தபட்ச விலையோ சுமார் 8.6 கெல்வினுக்கு ஈடான ஆற்றல். மெதுவான ஓட்டத்துக்கு அது கட்டுபடியாகாது. அதனால் ஓடிக்கொண்டே இருக்கிறது. கணக்குப்படி வரம்பு நொடிக்குச் சுமார் 60 மீட்டர். ஆனால் சாதாரணக் குழாய்களில் நுண்சுழல்கள் முளைத்து, அதற்கு வெகு முன்பே ஆட்டத்தைக் கலைத்துவிடும்.