தாகம் எடுத்தால் குடிக்கலாமா, டீச்சர்?

தமிழ்நாட்டு அக்குபங்சர் ஹீலர்கள் எந்த ஊரில் வகுப்பெடுத்தாலும் பெரும்பாலும் நாலு விஷயத்தில்தான் ஆரம்பிப்பார்கள். பசித்தால் மட்டும் சாப்பிடு. தாகம் எடுத்தால் தண்ணீர் குடி. அசதியாக இருந்தால் ஓய்வெடு. ராத்திரி நேரத்தோடு தூங்கு. நாடி, புள்ளி, ஐம்பூதம் எல்லாம் அதற்குப் பிறகுதான். இதைப் பள்ளிக்கூடத்திலேயே தொடங்கிவிட்டால் என்ன என்ற யோசனை ஹீலர்களுக்கு உண்டு. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளோடு மல்லுக்கட்டும் பெற்றோர் பலருக்கும் உண்டு.

நல்ல யோசனைதான். ஆனால் அந்த நாலு விதியையும் ஒரு பள்ளியின் கால அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பசி, மணி அடித்த பிறகுதான் வர வேண்டும். ஓய்வுக்கென்று இருக்கும் விளையாட்டு பீரியடைக் கணக்கு சார் கடன் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அந்தக் கடன் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. தூக்கத்தில் பாதியை டியூஷன் எடுத்துக்கொள்கிறது, மீதியைப் போன். தாகத்தின் கதை தனிக்கதை.

உடம்பைப் பற்றிப் பேச ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. இங்கே வீற்றிருக்கும் சாமியே வைத்தியநாதர். மதுரையை 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கரின் வயிற்று நோய் இந்தச் சந்நிதியில் தீர்ந்தது என்பார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொரு தலக்கதை. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, பேறு பார்க்க வர வேண்டிய தாயை வரக் காணாமல் தானே தாய்வீட்டுக்கு நடக்கிறாள். பாதி வழியில் வலி எடுத்துவிடுகிறது. தாயின் உருவில் சிவபெருமானே வந்து பிரசவம் பார்க்கிறார். பிள்ளை பெற்றவளுக்கு நாவறட்சி. அவர் விரலால் தரையைக் கீறுகிறார், தண்ணீர் ஊறுகிறது, அதுவே அவளுக்கு மருந்தாகிறது. காயக்குடி ஆறு பிறந்த கதை இது. ஆக, நம்மூர் வைத்தியநாதர் கொடுத்த மருந்து கைநிறையத் தண்ணீர்!

அக்குபங்சர் இந்தியாவுக்கு வந்ததிலும் ஒரு கதை இருக்கிறது. ஜப்பானியப் படையெடுப்பில் தவித்துக்கொண்டிருந்த சீனாவுக்கு 1938-ல் இந்திய தேசிய காங்கிரஸ் ஐந்து டாக்டர்களை அனுப்பியது. அவர்களில் சோலாப்பூர்க்காரரான துவாரகாநாத் கோட்னிஸ் 1942-ல் அங்கேயே இறந்துபோனார். உடன் போயிருந்த கல்கத்தா டாக்டர் பிஜய்குமார் பாசு, 1958-ல் மறுபடி சீனாவுக்குப் போய் ஊசி வைத்தியம் படித்து, 1959-லிருந்து கல்கத்தாவில் நோயாளிகளுக்குப் பார்க்கத் தொடங்கினார். மத்திய சுகாதார அமைச்சகம் 2003-ல் இதை ஒரு சிகிச்சை முறையாகவும், 2019-ல் தனி மருத்துவ முறையாகவும் ஏற்றுக்கொண்டது. நம் பக்கத்தில் பரவியிருப்பது பெரும்பாலும் ஊசி இல்லாத வகை. நாடி பார்த்து, ஒரே புள்ளியில் விரல் வைத்து எடுப்பது.

அது இந்த வட்டாரத்தில் வேர்பிடித்ததில் ஆச்சரியம் இல்லை. ராஜபாளையத்தைச் சுற்றி நூற்பாலைகள். சத்திரப்பட்டிப் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம். நாட்டின் ஆஸ்பத்திரிகளில் காயம் கட்டும் பேண்டேஜ் துணியை நெய்யும் ஊர் அது. நெய்கிறவருக்குக் கழுத்துவலி வந்தால் பெரியாஸ்பத்திரி வரிசையில் நிற்க ஒருநாள் கூலியை விட வேண்டும். ஹீலர் ஞாயிற்றுக்கிழமையும் பார்ப்பார், ஸ்கேன் எடு என்று சொல்ல மாட்டார், சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார். பாதி வலி அதிலேயே இறங்கிவிடும். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை.

பள்ளிக்கூடத்தில் புள்ளி அழுத்தக் கற்றுத்தருவது என்பது புதுமையா என்றால், இல்லை. உலகத்திலேயே பெரிய உதாரணம் சீனாவில் இருக்கிறது. 1963-லிருந்து அங்கே பள்ளிப் பிள்ளைகள் அன்றாடம் கண் பயிற்சி செய்கிறார்கள். ஒலிபெருக்கியில் இசை வரும், கூடவே ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கை. மொத்த வகுப்பும் கண்ணை மூடிக்கொண்டு புருவத்துக்கு அடியில், மூக்குத் தண்டின் இருபுறமும், கன்ன எலும்பின் மேல், நெற்றிப் பொட்டில் என்று வரிசையாக அழுத்தித் தேய்க்கும். ஐந்து நிமிஷம்; அனேக பள்ளிகளில் காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. கிட்டப்பார்வை வராமல் தடுப்பதுதான் நோக்கம். தலைமுறை தலைமுறையாகச் செய்த பிறகு 2018-ல் நாடு முழுக்கக் கணக்கெடுத்தார்கள். பிள்ளைகளில் 53.6 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை. மேல்நிலைப் பள்ளியில் பத்தில் எட்டுப் பேருக்கு!

அதே சீனாவில் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளை எடுத்துக்கொண்டு இன்னொன்றைச் சோதித்தார்கள். பாதிப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிஷம் வெட்டவெளியில் விட்டார்கள். வேறு வைத்தியம் எதுவும் இல்லை. மூன்று வருஷத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம், வெளியே விட்ட பள்ளிகளில் 30.4. முடிவு 2015-ல் வெளியானது. கணக்கு சார் கடன் வாங்கிய அந்த பீரியட் ஞாபகத்துக்கு வருகிறதா?

அதற்காகப் புள்ளி எல்லாம் பொய் என்று தள்ளிவிட முடியாது. மணிக்கட்டின் உள்பக்கம் ரேகை ஓடும் இடத்திலிருந்து மூன்று விரற்கடை மேலே, இரண்டு நரம்பு போலத் தெரியும் தசைநார்களுக்கு நடுவில் ஒரு குழி இருக்கும். பஸ்ஸில் குமட்டல் வந்தால் அங்கே கட்டைவிரலை வைத்து அழுத்தச் சொல்வார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வரும் குமட்டலுக்கு இந்தப் புள்ளி உதவுகிறதா என்று 59 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில் பலன் இருப்பதாகவே முடிவு வந்தது. மறுபக்கம், ஜெர்மனியில் 1,162 முதுகுவலிக்காரர்களை வைத்து நடத்திய ஆய்வு 2007-ல் வந்தது. முறைப்படி ஊசி குத்திக்கொண்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. புள்ளியே இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்திக்கொண்டவர்களில் 44.2 சதவீதம். வழக்கமான மாத்திரை, உடற்பயிற்சி என்று போனவர்களில் 27.4தான். குத்துவது வேலை செய்கிறது, எங்கே குத்துகிறோம் என்பதுதான் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இதற்கெல்லாம் அறிவியல் அடிப்படையே கிடையாது, பள்ளிக்குள் விடவே கூடாது என்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள், இருக்கட்டும்.

விரலால் அழுத்தப் பழகுவதால் ஒரு பிள்ளைக்குக் கெடுதல் வரப்போவதில்லை. ஊசியைப் பள்ளிக்குள் கொண்டுவரக் கூடாது, அவ்வளவுதான். கெடுதல் வேறு வழியில் வரும். புள்ளியோடு சேர்த்து, 'மாத்திரை என்றாலே விஷம்' என்ற போதனையும் இலவச இணைப்பாக வந்தால் அது ஆபத்து. பள்ளிகளில் வாரம் ஒருநாள் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பதின்வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. அந்த மாத்திரையைச் சன்னல் வழியாக வீசிவிட்டுக் கையை அழுத்திக்கொண்டிருந்தால் ரத்தம் ஊறாது. 2017-ல் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசிக்கு எதிராக வாட்ஸப்பில் கிளம்பிய வதந்தி, எத்தனை பெற்றோரை மிரள வைத்தது என்பதையும் பார்த்தோம். 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய் ஒரு பள்ளி ஆசிரியை உயிரை விட்டார். 2024-ல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் சொற்பொழிவாற்ற வந்தவர், ஊனத்தோடு பிறப்பது முற்பிறவிப் பாவம் என்ற ரீதியில் பேச, பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அந்த இடத்திலேயே தட்டிக்கேட்டார். யாரை உள்ளே விடுகிறோம், என்ன பேசச் சொல்கிறோம் என்று பார்க்காமல் மைக்கைக் கொடுத்தால் இதுதான் நடக்கும்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். எனக்கு உறுத்துவது அதுதான்.

கிராமத்திலிருந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோ படிக்க வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் ஒருநாளை எண்ணிப் பாருங்கள். ஏழரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஒரு டம்ளர் காபி. பையில் ஒரு லிட்டர் பாட்டில் இருக்கும், அம்மா நிரப்பிக் கொடுத்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடு திரும்பும்போது அதில் முக்கால் லிட்டர் அப்படியே இருக்கும். மறந்துபோய் மிச்சம் வைத்ததல்ல அது. குடித்தால் போக வேண்டும். போனால் அந்தக் கழிப்பறைக்குத்தான் போக வேண்டும். தாழ்ப்பாள் இல்லை, வாளி இருந்தால் கப் இல்லை, குழாயில் காலையில் மட்டும் தண்ணீர். மாதவிலக்கு நாட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே குடிக்காமலே இருந்துவிடுவது என்று அவளாக ஒரு திட்டம் போட்டுக்கொள்கிறாள். அக்கா சொல்லிக்கொடுத்திருப்பாள், அக்காவுக்கு அவள் தோழி.

அடக்க முடியாமல் எழுந்து நின்றால் நடப்பது நம் எல்லோருக்கும் தெரிந்த வசனம்.

“டீச்சர், ஒண்ணுக்குப் போகணும்.”

“இப்பத்தானடி இன்டர்வெல் விட்டாங்க? அப்ப என்ன பண்ணிட்டிருந்த?”

வகுப்பு சிரிக்கும். அவள் உட்கார்ந்துவிடுவாள். பிறகு அந்த வருஷம் முழுக்க எழுந்திருக்க மாட்டாள். டீச்சரையும் குறை சொல்லிப் பயனில்லை. அவரும் வீட்டுக்குப் போகிற வரைக்கும் அடக்கிக்கொண்டிருக்கிறவராகத்தான் இருப்பார்.

பத்து வயதுப் பிள்ளையின் சிறுநீர்ப்பை கொள்வது சுமார் 350 மில்லி. வளர்ந்த பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் கூடும். அதை எட்டு மணிநேரம் பூட்டி வைத்தால் கிருமி குடியேறும். பெண்களுக்குச் சிறுநீர்த்தாரை நீளம் குறைவு என்பதால் தொற்று எளிதில் ஏறிவிடும். கூடவே மலச்சிக்கல். உடம்பில் ஒன்றிரண்டு சதவீதம் நீர் குறைந்தாலே தலை வலிக்கும், கவனம் தடுமாறும். விருதுநகர் மாவட்டத்து வெயிலில், தகரக் கூரைக்கோ சூடேறிய கான்கிரீட்டுக்கோ அடியில், அதற்கு மத்தியானம்வரை காத்திருக்கக்கூட வேண்டாம்.

இந்தப் பிள்ளைக்கு மூன்று மணிக்குத் தலைவலி வருகிறது. அப்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள தசையை அழுத்தச் சொல்லித் தருகிறோம். அழுத்துகிறாள். கொஞ்சம் தேவலாம் போலிருக்கிறது. பாட்டில் பையிலேயே இருக்கிறது. வலி என்பது உடம்பு அனுப்பும் சேதி, அதை அமுக்காதே என்று மேடைக்கு மேடை சொல்வதும் ஹீலர்கள்தானே? இங்கே சேதி தெளிவாகத்தான் வந்திருக்கிறது, தண்ணீர் வேண்டும் என்று. (அந்தக் கைப்புள்ளியைக் கர்ப்பிணிகளுக்கு அழுத்தக் கூடாது என்பது அக்குபங்சரிலேயே உள்ள பழைய எச்சரிக்கை. வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போன பிள்ளை முதலில் பிடிப்பது அத்தையின் கையையோ சித்தியின் கையையோதான். சொல்லித்தருகிறவர்கள் இதையும் சொல்லித்தர வேண்டும்.)

சீனா வரை போகாமலே இதற்குப் பாடம் இருக்கிறது. நம் சித்த மருத்துவம் அடக்கக் கூடாத வேகங்கள் என்று பதினான்கைச் சொல்கிறது. தும்மல், கொட்டாவி, இருமல், தூக்கம், கண்ணீர் என்று போகும் அந்தப் பட்டியலில் பசியும் நீர்வேட்கையும் சிறுநீரும் மலமும் உண்டு. ஒவ்வொன்றையும் அடக்கினால் என்னென்ன நோய் வரும் என்று தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். சித்தர்கள் உலவுவதாக நாம் நம்பும் சதுரகிரி இங்கிருந்து கூப்பிடு தூரம். ஆடி அமாவாசைக்கு மலையேறக் கூட்டம் அலைமோதுகிறது. மலையடிவாரத்துப் பள்ளிகளில் அந்தப் பதினான்கில் பாதியை அடக்கி வைத்திருப்பதற்குத்தான் ஒழுக்கம் என்று பெயர்.

அரசாங்கத்துக்குத் தெரியாமல் இல்லை. எல்லாப் பள்ளியிலும் ஆறு மாதத்துக்குள் கழிப்பறை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே சொல்லிவிட்டது. அதற்கப்புறம் கட்டடங்கள் எழும்பின, வர்ணம் பூசினார்கள், சுவரில் வாசகம் எழுதினார்கள். தினமும் கழுவ ஆள், அவருக்கு ஒழுங்கான சம்பளம், தொட்டியில் நாள் முழுக்கத் தண்ணீர் என்றால் பேச்சு நின்றுவிடும். கேரளத்தில் 2019-ல் தண்ணீர் குடிக்கவென்றே மணி அடிக்கத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டிலும் 2025-ல் 'வாட்டர் பெல்' வந்தது. அருமையான திட்டம். மணி அடித்தால் பையன்கள் குடிக்கிறார்கள். பெண் பிள்ளைகள் பாட்டிலை வாய்வரை கொண்டுபோய் உதட்டை நனைத்துக்கொண்டு மூடிவிடுவார்கள், கழிப்பறை அப்படியே இருந்தால்.

அக்குபங்சர் வகுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாதத்தில் ஒருநாள் வரட்டும். நாடி எங்கே துடிக்கிறது, மூச்சு எங்கே முட்டுகிறது, எந்த வலி இளைப்பாறினால் போகும், எந்த வலிக்கு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று ஒரு பிள்ளை தன் உடம்பைத் தானே கவனிக்கப் பழகுவது பாடப்புத்தகத்தில் இல்லாத படிப்பு. உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரோ செவிலியரோ கூடவே உட்காரட்டும். ஹீலர் சொல்வதில் எதைக் கடைப்பிடிக்கலாம், எதை விடலாம் என்பதைப் பிள்ளைகள் முன்னாலேயே பேசட்டும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். மடவார் வளாகத்துத் தாய்மார்களே, ராஜபாளையத்து மில் ஷிப்டு முடித்து வருகிறவர்களே, அடுத்த கூட்டத்துக்குக் கையெழுத்துப் போட மட்டும் போகாதீர்கள். கழிப்பறையைத் திறந்து உள்ளே போய்ப் பாருங்கள். தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள், குழாயைத் திருகிப் பாருங்கள். யார் கழுவுகிறார்கள், அவர்களுக்கு மாதம் என்ன கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். பாடம் நடக்கும்போது எழுந்து நிற்கும் பிள்ளையை ஏன் எதற்கு என்று கேட்காமல் வெளியே விட வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். எழுதினார்களா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.